பாவாடை கட்டிய பையன்தான் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான்: 'மரியா ஹோலிக்'

'மரியா ஹோலிக்' என்கிற இந்த மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, நான் நாலு பேருக்குப் படிக்கக் கொடுத்தேன், நாலு பேரும் நாலு விதமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அலுவலகத் தோழி ஒருத்தி இரண்டாம் தொகுதியைப் பாதியில் மூடி என் மேசையில் வைத்துவிட்டு, "இதுல வர்ற அந்தப் பையனை யாராவது ஒரு அறையாவது விடுவாங்களா, மாட்டாங்களா? அதை மட்டும் சொல்லு, அப்புறம் படிக்கிறேன்" என்றாள். கல்லூரி நண்பன் ரயிலில் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்ததில், எதிரில் இருந்த பெரியவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். இன்னொரு தோழி ஒரு வாரம் வாயே திறக்கவில்லை, பிறகு ஏழு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள், அதற்குப் பிறகு வருகிறேன். சித்தி மகன் மட்டும், பதினெட்டு வயது, முழுத் தொகுதியையும் நம் புத்தகம் மாதிரி இடமிருந்து வலமாகப் புரட்டிவிட்டு, "கதை ஒண்ணும் புரியலக்கா, ஆனா அந்த வேலைக்காரப் பொண்ணு செம" என்றான். மங்கா வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியது, தலைகீழாகப் படித்தும் சரியான ஆளைப் பிடித்துவிட்டான் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'மரியா ஹோலிக்' எண்டோ மினாரி எழுதி வரைந்தது. மீடியா ஃபேக்டரி நிறுவனத்தின் 'காமிக் அலைவ்' மாத இதழில் 2006ல் தொடங்கி 2014 வரை ஓடியது, புத்தகமாக 14 தொகுதிகள். மியாமாயே கனகோ என்று ஒரு பெண். ஆண் யாராவது தொட்டாலே அவளுக்கு உடம்பெல்லாம் காணாக்கடி மாதிரி தடித்துப் போகும். அவள் மனம் போவதெல்லாம் பெண்கள் பக்கம்தான். இறந்துபோன அம்மா படித்த கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தால் தன் வாழ்க்கைத் துணையை அங்கே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு வருகிறாள். வந்த முதல் நாளே பொன்னிறக் கூந்தலும் பொம்மை முகமுமாக ஷிடோ மரியா என்ற மாணவியைப் பார்த்து மயங்குகிறாள், கை பட்டதும் உடம்பு தடிக்கிறது. அதாவது, அந்த மாணவி பையன். தன் ரகசியத்தைக் கண்டுபிடித்தவளை என்ன செய்யலாம் என்று மரியா ரொம்பவெல்லாம் யோசிப்பதில்லை. நீ எதற்காக இந்தப் பள்ளிக்கு வந்தாய் என்று எனக்கும் தெரியும் என்று மிரட்டி, கொஞ்ச நாளில் அவளுடைய விடுதி அறைக்கே குடி வந்துவிடுகிறான்.

பையன் ஏன் பெண்கள் பள்ளியில் என்பதற்குக் காரணம் ஒரு பாட்டி. இரண்டு பள்ளிகளை நடத்திய அந்தம்மா செத்தும் பேரப் பிள்ளைகளை நிம்மதியாக விடவில்லை. மரியாவுக்கு இரட்டைச் சகோதரி ஒருத்தி உண்டு, பெயர் ஷிசு. இவன் பெண்கள் பள்ளியில் பெண்ணாக, அவள் ஆண்கள் பள்ளியில் ஆணாகப் படிக்க வேண்டும், யார் குட்டு முதலில் உடைகிறதோ அவர் தோற்றார், வாரிசுரிமை மற்றவருக்கு. சொத்துத் தகராறுதான், நம் ஊர் தொலைக்காட்சித் தொடர் இருநூறு நாள் ஓட்டுகிற சமாச்சாரம். இதில் அதை இரண்டு பக்கத்தில் சொல்லிவிட்டு, அதைவிட முக்கியமான வேலை இருக்கிறது என்பதுபோல் கனகோவை வதைக்கப் போய்விடுகிறார்கள்.

எனக்கு இந்தப் புத்தகம் பிடித்துப்போனது எந்த இடத்தில் என்று யோசித்துப் பார்த்தேன். பையன் பெண் வேடம் போட்டால் நம் படங்களில் எங்கே சிரிக்க வைப்பார்கள்? சேலை நழுவும், நெஞ்சில் வைத்தது இடம் மாறும், மீசை நிழல் தெரியும், கட்டைக் குரல் வெளியே வந்துவிடும், தெருவில் ஒரு கிழவர் துரத்திக் காதலிப்பார். வேடம்தான் அங்கே சிரிப்புக்குப் பொருள். இங்கே பதினான்கு தொகுதியில் மரியாவின் வேடத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிற கட்டத்தை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவன் அந்தப் பள்ளியிலேயே சிறந்த மாணவி. நடை, பேச்சு, பணிவு, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கிற விதம் எல்லாம் சுத்தம், பெண்ணாகப் பிறந்த கனகோ பக்கத்தில் நின்றால் அவள்தான் ஏதோ வேடம் போட்டு வந்தவள் மாதிரி தெரிகிறாள். ஆள் உயரம், பதற்றத்தில் கையும் காலும் எங்கே போகிறது என்று தெரியாது, அடிக்கடி மூக்கில் ரத்தம் வேறு. பாவாடை கட்டிய பையன் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான், நாம் கனகோவோடு சேர்ந்து முழிக்கிறோம்.

ஜப்பானில் இது புதிதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 1629ல் கபுகி என்கிற மரபு நாடகத்தில் பெண்கள் மேடை ஏறக்கூடாது என்று தடை வந்த பிறகு பெண் வேடத்தை ஆண்களே தலைமுறை தலைமுறையாகக் கட்டி அதை ஒரு தனிக் கலையாக்கிவிட்டார்கள். அந்தப் பக்கம் தகராசுகா என்கிற பெண்கள் நாடகக் குழுவில் 1914 முதல் பெண்களே ஆண் வேடமும் கட்டுகிறார்கள், அந்த 'ஆண்'களுக்காக உருகுகிற ரசிகைகள் கூட்டம் இன்றும் உண்டு. நன்றாகக் கட்டிய வேடத்தைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், வாய் பிளந்து நிற்பார்கள். நமக்கும் ஒரு காலத்தில் அப்படித்தானே இருந்தது, ஸ்திரீபார்ட் நடிகர் மேடைக்கு வந்தால் ஊர்ப் பெண்கள் அவர் சேலைக்கட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்புறம் எங்கேயோ அது வெறும் கேலியாகிவிட்டது.

பள்ளியின் பெயர் அமெ நோ கிசாகி. தமிழில் சொன்னால் விண்ணரசி! எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று, ஏனென்றால் நானும் அருட்சகோதரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தவள், மாதா சிலை இல்லாத தாழ்வாரமே அங்கே கிடையாது. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மொத்த மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் என்கிற அளவுக்குத்தான், ஆனால் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்கு அங்கே இருக்கிற மவுசு வேறு. பணக்கார வீட்டுப் பெண்கள், நீளப் பாவாடைச் சீருடை, தேவாலயம், பார்க்கிற இடமெல்லாம் ரோஜா என்று கற்பனையில் ஒரு தனி உலகமே கட்டி வைத்திருக்கிறார்கள். மூத்த மாணவிமேல் இளைய மாணவி உயிரை விடுகிற மாதிரியான கதைகளுக்கு அங்கே நூறு வருடப் பாரம்பரியம் உண்டு, யோஷியா நொபுகோ 1916லேயே அப்படிப்பட்ட சிறுகதைகளை எழுதத் தொடங்கிவிட்டார். 1998ல் கொன்னோ ஒயுகி தொடங்கிய 'மரியா-சமா கா மிதேரு' நாவல் வரிசை அதைத் திரும்பப் பெரிய மோகமாக்கியது, 'மரியன்னை பார்த்துக்கொண்டிருக்கிறாள்' என்று அர்த்தம். எண்டோ மினாரி அந்த மெல்லிய, கண்ணீர் ததும்பும் உலகத்துக்குள் அப்படியே நுழைந்து, மரியாவாக ஒரு அயோக்கியனை நிறுத்திவிட்டார். மரியன்னை பார்த்துக்கொண்டிருக்கிறாளோ இல்லையோ, இந்த மரியா எல்லாவற்றையும் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வான்.

இருட்டு நகைச்சுவை என்று இதைச் சொல்கிறார்கள், அதற்காகக் கொலையோ வெட்டுக்குத்தோ இல்லை. ரத்தம் உண்டு, எல்லாம் கனகோவின் மூக்கிலிருந்து வருவது, மங்காவில் ஆசை மிஞ்சினால் மூக்கில் ரத்தம் வரும் என்பது எழுதாத விதி. இருட்டு வேறு இடத்தில் இருக்கிறது. பள்ளியில் எல்லோரும் வழிபடுகிற ஒரு மூத்த மாணவி, ரியூக்கென், கனகோவிடம் கொஞ்சம் அன்பாக நடந்துகொண்டதுமே மற்ற ரசிகைகள் கனகோவை வதைக்கத் தொடங்குகிறார்கள். வழக்கமான கதையில் இங்கே அறிவுரை வரும், அழுகை வரும், தோழமை வரும். இங்கே வதைபடுகிற பெண்ணின் மண்டைக்குள் ஓடுவது வேறு படம்: இத்தனை அழகிகள் என் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்களே! மரியா உதவிக்கு வருகிறான், ஆனால் இரக்கத்தால் இல்லை, தன் பொம்மையை இன்னொருத்தி எடுத்து விளையாடுவது பிடிக்காததால். நடுநடுவே கனகோ மனதுக்குள் சொர்க்கத்தில் இருக்கும் அம்மாவிடம் நிலவரம் சொல்கிறாள், மகள் சொல்கிற விஷயங்களைக் கேட்க நேர்கிற அந்த அம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. விடுதியின் தலைவி பூனைக் காது வைத்த ஒரு சின்னப் பெண், தன்னைக் 'கடவுள்' என்று கூப்பிடச் சொல்வாள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கத்தோலிக்கப் பள்ளி விடுதியில் வராந்தாவில் நின்று "கடவுளே" என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

சித்தி மகன் கண்டுபிடித்த வேலைக்காரப் பெண்ணுக்கு வருகிறேன். மட்சுரிகா. முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது, குரல் உயராது, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றபடி கனகோவை ஒரு மனிதப் பிறவியாகவே எண்ணாமல் பேசுவாள். அதைவிட அழகு, அதே பணிவோடு தன் எஜமானையும் குத்துவாள். மரியா இந்தப் பக்கம் தன் திட்டத்தை வீரமாக விவரித்துக்கொண்டிருப்பான், அவள் ஒரே வரியில் காற்றைப் பிடுங்கிவிடுவாள். முழுப் புத்தகத்திலும் மரியா தோற்கிற ஆள் அவள் ஒருத்திதான், என் அலுவலகத் தோழி பொறுமையாக இருந்திருந்தால் அவள் கேட்ட அறை இங்கேதான் விழுகிறது என்று கண்டுபிடித்திருப்பாள். மட்சுரிகா என்றால் மல்லிகை. சும்மா மொழிபெயர்ப்பாகச் சொல்லவில்லை, 'மல்லிகா' என்கிற நம் பக்கத்துச் சொல்தான் சீனம் போய் அங்கிருந்து ஜப்பான் போய் மட்சுரிகா ஆகியிருக்கிறது. இது தெரிந்த பிறகு அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெரு மல்லிகா அக்கா ஞாபகம், அவரும் இப்படித்தான், சிரிக்காமலே ஆளை முடித்துவிடுவார்.

மொழி பற்றி ஒரு புலம்பல். முதல் தொகுதிகளை நான் படித்தது டோக்கியோபாப் என்ற அமெரிக்கப் பதிப்பகம் 2009ல் வெளியிடத் தொடங்கிய ஆங்கிலப் பதிப்பில். மோசமென்று சொல்ல மாட்டேன். ஆனால் மரியாவின் பாதி விளையாட்டு அவன் பேச்சில் இருக்கிறது. நாலு பேர் எதிரில் சீமாட்டிகள் பேசுகிற குழைவான ஜப்பானியம், கதவை மூடியதும் தெருவோரப் பேச்சு. ஜப்பானியத்தில் 'நான்' என்பதற்கே 'வதாகுஷி' என்று ஒன்று, 'ஒரே' என்று ஒன்று, எதைச் சொல்கிறான் என்பதிலேயே ஆள் மாறிவிடுவான். ஆங்கிலத்துக்கு 'நான்' ஒன்றுதான், அது என்ன செய்யும் பாவம். தமிழில் இதைச் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் பேருந்தில் போகும்போது மனதுக்குள் செய்து பார்த்தேன். "தாங்கள் எழுந்தருளியதில் அடியாளுக்குப் பேரானந்தம், கனகோ அவர்களே" என்று ஒரு கட்டம், கதவு மூடுகிறது, அடுத்த கட்டத்தில் "ஏய் லூசு, மூக்கைத் துடைடி, தரையெல்லாம் ரத்தம்". நீ, நீங்கள், தாங்கள், டீ, டா என்று இத்தனை படிக்கட்டு வைத்திருக்கும் மொழிக்கு இந்தப் புத்தகம் அல்வா மாதிரி, யாராவது செய்தால் முதல் பிரதி எனக்கு.

இப்போது அந்த ஏழு நிமிடக் குரல் பதிவு. என் தோழிக்குப் பெண்களைப் பிடிக்கும், நெருக்கமான சிலருக்கு மட்டும் தெரியும், இதை எழுத அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் சொன்னதன் சாரம் இது. பெண் வேடம் போட்ட பையனுக்கு இந்தப் புத்தகம் கௌரவம் கொடுக்கிறது, அறிவு கொடுக்கிறது, கடைசி வசனத்தை எப்போதும் அவன் வாயில் வைக்கிறது. பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு மூக்கு ரத்தத்தைக் கொடுக்கிறது. கனகோ ஒரு பெண்ணைப் பார்த்து ஒரு தடவையாவது சும்மா, அமைதியாக, இவளோடு பேசிக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறதே என்று நினைத்திருக்கிறாளா? எந்நேரமும் அலைகிறாள், எட்டிப் பார்க்கிறாள், கற்பனை செய்கிறாள், மயங்கி விழுகிறாள். "எங்க அம்மா எங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்களோ, அதைத்தான் இவங்க படமா போட்டிருக்காங்க" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கனகோவின் ஆசையைக் கதை நோயாகவோ பாவமாகவோ காட்டுவதில்லை, யாரும் அவளைத் திருத்தப் பார்ப்பதில்லை, அவள் வழிசல்தான் கேலி என்று ஏதோ எழுதி அனுப்பினேன். எழுதி முடித்த பிறகு அது வக்கீல் வாதம் மாதிரி இருப்பது எனக்கே தெரிந்தது. உண்மையைச் சொன்னால், முதல் நான்கைந்து தொகுதிகளில் சிரிப்பு வேகத்தில் இது உறுத்தவில்லை. கனகோவின் பார்வையிலிருந்து கதை நடப்பதால் நாம் அவள் பக்கம் இருக்கிறோம், வசைபாடுகிறவர்கள் மேல்தான் கோபம் வருகிறது, அவள் மேல் ஒரு வாஞ்சை கூட வருகிறது. ஆனால் எட்டாவது, ஒன்பதாவது தொகுதியிலும் அதே மூக்கு, அதே ரத்தம், அதே மயக்கம் என்றால், நகைச்சுவை தீர்ந்துபோய் பழக்கம் மட்டும் மிஞ்சிய மாதிரி இருக்கிறது. உடைமாற்றும் அறை, நீச்சல் குளம் என்று சில அத்தியாயங்கள் வேறு, பள்ளிப் பெண்களை வைத்து அதெல்லாம் எதற்கு, நான் புரட்டித் தள்ளிவிட்டேன், கதையில் ஒன்றும் குறையவில்லை.

இன்னொன்று, மரியாவுக்கு அந்த உடை என்னவாக இருக்கிறது என்று புத்தகம் ஆழமாகப் போவதே இல்லை. போட்டிக்காகப் போட்ட வேடம் என்று ஒரு சாக்கு இருக்கிறது. ஆனால் யாரும் பார்க்காத நேரத்திலும் அவன் அந்தக் கூந்தலைச் சீவிக்கொள்ளும் விதத்தைப் பார்த்தால் சாக்கு மட்டும்தானா என்று கேட்கத் தோன்றும். கேள்வியை எழுப்பிவிட்டு ஆசிரியர் அடுத்த வசைக்குப் போய்விடுகிறார். 2010 வாக்கில் ஜப்பானில் பெண் உடை அணியும் அழகுப் பையன்களுக்கென்றே ஒரு அலை வந்தது, 'வாய்!' என்று அதற்காகவே ஒரு இதழ் 2010 முதல் 2014 வரை ஓடியது. அந்த அலைக் கதைகளில் பெரும்பாலும் பையன் வெட்கப்படுவான், யாரோ கட்டாயப்படுத்தி உடுத்த வைத்திருப்பார்கள், அவன் கூசிக் குறுகுவதைப் பார்த்துச் சுற்றியிருப்பவர்கள் ரசிப்பார்கள். அவற்றைப் படித்துவிட்டு இதற்கு வந்தால் மரியா ஒரு பெரிய ஆறுதல். அவனுக்கு வெட்கம் என்பதே ரத்தத்தில் கிடையாது. யாரையும் உருக வைக்க அவன் இல்லை, உருகியவர்களை மிதிக்கத்தான் இருக்கிறான்.

அனிமே, அதாவது இதை வைத்து எடுத்த கார்ட்டூன் தொடர் பற்றியும் கேட்பீர்கள். ஷாஃப்ட் நிறுவனம், இயக்குநர் ஷின்போ அகியுகியின் பெயரோடு 2009ல் 12 அத்தியாயம், 2011ல் இன்னொரு 12. திரை முழுக்க எழுத்து மின்னும், நிறம் நொடிக்கொரு தரம் மாறும், அந்த ஆட்களுடைய வழக்கமான அமர்க்களம். மரியாவுக்குக் குரல் கொடுத்த கோபயாஷி யூ ஒரே மூச்சில் தேனிலிருந்து எட்டிக்காய்க்குத் தாவுகிறார், நான் மேலே புலம்பிய பேச்சு மாற்றம் ஜப்பானியம் தெரியாதவர்களுக்கும் காதில் விழும், அதற்காகவே இரண்டு அத்தியாயமாவது கேளுங்கள். 2009 தொடரின் முடிவுப் பாடலுக்கு எல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற ஜப்பானிய இசைக்குழுவின் 1983 பாட்டு ஒன்றை மூன்று நடிகைகளும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள், எனக்கு இன்னும் வாயில் வந்துபோகிறது. ஆனால் சிரிப்பு மங்காவில்தான் சரியாக விழுகிறது என்பது என் கட்சி. மட்சுரிகாவின் ஒற்றை வரி வசையைப் பக்கம் திருப்பி நாமே கண்டுபிடிக்க வேண்டும், திரையில் அது ஓடிப்போய்விடுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: டோக்கியோபாப் 2011ல் அமெரிக்காவில் மங்கா வெளியிடும் கடையைச் சாத்திவிட்டது, அதனால் அந்தப் பழைய பிரதிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், பளபள நிலையில் கிடைக்காது. நான் ஒரு இணைய விற்பனையாளரிடம் இரண்டாம் தொகுதி கேட்டு, மூன்றாம் தொகுதி வந்தது. திருப்பி அனுப்பினால் அதே மூன்றாம் தொகுதி மறுபடி வந்தது, இந்தத் தடவை அட்டையில் காபிக் கறையோடு. மரியா அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். இரண்டாவதைப் பிறகு ஒரு பழைய புத்தகக் கடையில் பிடித்தேன்.

என்னைக் கேட்டால், ஒரே மூச்சில் பதினான்கையும் படிக்கிற வேலை வேண்டாம், மூன்றாவதிலேயே சலித்துப் போவீர்கள். முதல் நான்கு, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று, வேலையில் யாராவது கடுப்பேற்றிய நாளில். யாராவது தண்டிக்கப்பட வேண்டும், யாராவது திருந்த வேண்டும் என்று எதிர்பார்த்துப் படிக்கிறவர் என்றால் தொடவே தொடாதீர்கள், இதில் ஒருத்தரும் திருந்த மாட்டார்கள். ஐந்துக்கு மூன்றரை தருவேன், அந்த அரையும் மட்சுரிகாவுக்கு.

குரல் பதிவு அனுப்பிய தோழி போன மாதம் வீட்டுக்கு வந்தபோது நாலாம் தொகுதியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிடிக்கவில்லை என்றாயே என்றேன். "கனகோவைத்தான் திட்டினேன், புத்தகத்தைத் திருப்பித் தர்றதா எப்ப சொன்னேன்" என்றாள். இன்னும் வரவில்லை.